நெடுநாள் நின்றுபோன லாரியை மீண்டும் சாலைக்குக் கொண்டுவருதல்

பல ஆண்டுகள் அசையாமல் நின்ற லாரியைக் கண்டதும் ஒரு புது பேட்டரியை மாட்டிச் சாவியைத் திருகிப் பார்க்கத்தான் எல்லோருக்கும் கை பரபரக்கும். நல்ல நிலையில் நிறுத்தப்பட்ட என்ஜின்கள் பல அந்தப் பரபரப்பில்தான் கெட்டுப்போகின்றன. என் தந்தையின் ஆறு சக்கர லேலண்ட் லாரி 2018 முதல் மாதவரத்துக்கு அருகே ஒரு காலி மனையில் நின்றது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையின்போது அதன் சக்கர ஹப் வரைக்கும் வெள்ளம் ஏறி, இரண்டு நாள் வடியாமல் நின்றது. அடுத்த ஜனவரியில் வேலையைத் தொடங்கி, அது மறுபடி எஃப்.சி. என்னும் தகுதிச் சான்றை வாங்கிச் சாலைக்கு வர நான்கு மாதங்கள் ஆயின. அந்த நான்கு மாதங்களில் என்ஜினை ஓடவைத்த வேலைக்கு மூன்று வாரம்கூட ஆகவில்லை. பிரேக்குக்கும் ஆவணங்களுக்குமே மீதிக் காலம் முழுவதும் போயிற்று. ஆகவே எதை முதலில் செய்ய வேண்டும், எதைக் கடைசியில் செய்ய வேண்டும் என்ற வரிசையை மனத்தில் வைத்தே இதை எழுதுகிறேன்.

ஸ்பேனரைத் தொடும் முன் ஆவணங்கள்

முதலில் ஆர்.சி. என்னும் பதிவுச் சான்றுப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு, வண்டியின் சேஸில் அடித்திருக்கும் எண்ணையும் என்ஜின் எண்ணையும் நேரில் ஒப்பிட்டுப் பாருங்கள். சேஸ் எண் இருக்கும் இடத்தைக் கம்பி பிரஷ்ஷால் முரட்டுத்தனமாகத் தேய்க்கக் கூடாது. மண்ணெண்ணெயில் நனைத்த துணியால் மெல்லத் துடைத்து, எண் தெளிந்தவுடன் கிரீஸ் பூசி மூடிவிடுங்கள். எண்ணூர், காசிமேடு, திருவொற்றியூர்ப் பக்கம் உப்புக்காற்றில் நின்ற வண்டிகளில் அந்த எண்ணே அரித்துப் போயிருப்பதுண்டு. எண் படிக்க முடியாத நிலையில் இருந்தால், வேறு எந்தச் செலவும் செய்யும் முன் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் அதைப் பற்றிக் கேட்டு ஒரு முடிவுக்கு வந்துவிட வேண்டும்.

அடுத்து, அரசின் பரிவாகன் தளத்தில் வண்டி எண்ணைக் கொடுத்து எஃப்.சி., காப்பீடு, சாலை வரி, பர்மிட் ஆகியவை எந்தத் தேதியோடு முடிந்தன என்பதையும், அபராத நிலுவை ஏதேனும் உள்ளதா என்பதையும், கடன் கொடுத்த நிறுவனத்தின் பெயர் இன்னும் ஆர்.சி.யில் நீக்கப்படாமல் இருக்கிறதா என்பதையும் பார்த்து ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். கடனைப் பத்து ஆண்டுகளுக்கு முன்பே அடைத்திருந்தாலும், நிறுவனத்தின் தடையின்மைச் சான்று வாங்கிப் பெயரை நீக்காவிட்டால் அது அப்படியே நிற்கும். உரிமையாளர் இறந்திருந்தால் வாரிசுச் சான்றோடு படிவம் 31 கொடுத்துப் பெயர் மாற்ற வேண்டும். எங்கள் வண்டி தந்தையின் பெயரில் இருந்தபடியால், இந்த ஒரு வேலைக்கே ஆறு வாரங்கள் போயின. இதைப் பட்டறை வேலைக்குப் பின் என்று தள்ளிப் போட்டிருந்தால் வண்டி முழுதும் தயாராகி அதே மனையில் இன்னும் ஒன்றரை மாதம் நின்றிருக்கும்.

சாலை வரி விஷயத்தில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். வண்டியை நிறுத்தியபோதே வண்டி ஓடாது என்று முறையாக எழுதிக் கொடுத்திருந்தால், அந்தக் கடிதத்தின் நகலைத் தேடி எடுங்கள். எழுதிக் கொடுக்காமல் நிறுத்தியவர்களுக்கு நிலுவை வரியும் அதற்கான அபராதமும் சேர்ந்து வரும். வயதான சரக்கு வாகனத்துக்குப் பசுமை வரியும் உண்டு. எஃப்.சி. முடிந்த தேதியிலிருந்து நாள் கணக்கில் கூடும் தாமதக் கட்டணமும், வண்டியின் வயதுக்கு ஏற்ப உயரும் சோதனைக் கட்டணமும் அவ்வப்போது திருத்தப்படுவதால், அன்றைய தொகையை அலுவலகத்திலேயே கேட்டு எழுதிக்கொள்வது நல்லது.

இந்தக் கணக்கையெல்லாம் கூட்டிப் பார்த்த பிறகே வண்டியைத் தூக்கி நிறுத்துவதா, உடைக்கக் கொடுப்பதா என்று முடிவு செய்யுங்கள். பதினைந்து ஆண்டு ஆன வண்டியை உடைத்தே ஆக வேண்டும் என்று பலர் நம்புகிறார்கள். அது அரசு வாகனங்களுக்கு 2023 ஏப்ரல் முதல் வந்த விதி. பத்து ஆண்டு ஆன டீசல் வண்டி ஓடக்கூடாது என்ற தடையோ டெல்லித் தலைநகர் வட்டாரத்துக்கு உரியது. சென்னையில் தனியார் லாரி எஃப்.சி. தேறும் வரை ஓடலாம். ஆனால் பன்னிரண்டு ஆண்டுகளைக் கடந்த இரண்டு அச்சு லாரிக்குத் தேசிய பர்மிட் கிடைக்காது; பல அச்சு வண்டிக்கு அந்த வரம்பு பதினைந்து ஆண்டு. எனவே பழைய ஆறு சக்கர வண்டியை எடுத்தால் தமிழ்நாட்டுக்குள் ஓடும் ஓட்டத்தை மட்டும் நம்பியே கணக்குப் போட வேண்டும். ஆந்திர எல்லை செங்குன்றத்திலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் வந்துவிடும் இந்த ஊரில் அது சிறிய குறையன்று.

அசைக்காமல் பார்க்க வேண்டியவை

வண்டி நிற்கும் இடத்திலேயே, எதையும் திருகாமல், ஒரு முழு நாளைப் பார்ப்பதற்கென்று ஒதுக்குங்கள். ஒரு தடியால் கேபினுக்குள்ளும் பாடிக்கு அடியிலும் தட்டிவிட்டுப் பிறகு கையை நீட்டுங்கள்; வடசென்னைக் காலி மனைகளில் பாம்பு என்பது வெறும் பயமுறுத்தலன்று. பேட்டரி வயர்களைக் கழற்றி, வயரிங் முழுவதையும் விரலால் தடவிப் பாருங்கள். எலி கடித்த இடத்தில் செம்பு வெளியே தெரியும். அப்படிப்பட்ட வண்டிக்குப் புது பேட்டரி கொடுத்தால் முதலில் எரிவது டேஷ்போர்டுக்குப் பின்னால் இருக்கும் வயர்க்கட்டுதான். ஏர் ஃபில்டரைத் திறந்தபோது எங்கள் வண்டியில் கந்தல் துணியும் வைக்கோலும் சேர்த்து எலி கட்டிய கூடு ஒன்று உள்ளே அடைத்திருந்தது. குளவிகளோ டீசல் டேங்க், கியர் பாக்ஸ், பின் அச்சு ஹவுசிங் ஆகியவற்றின் காற்றுத் துளைகளில் மண்ணை வைத்து அடைத்திருந்தன. டேங்கின் காற்றுத் துளை அடைபட்டிருந்தால், வண்டி பத்து நிமிடம் ஓடி டீசல் இழுக்க முடியாமல் நின்றுவிடும். காரணம் தெரியாமல் பம்பைக் கழற்றுவார்கள்.

பிறகு சேஸைப் பாருங்கள். இரண்டு நீளச் சட்டங்களும் குறுக்குச் சட்டங்களும் ரிவிட்டில் சேரும் இடங்களைச் சிறு சுத்தியலால் தட்டினால் நல்ல இரும்பு கணீரென்று ஒலிக்கும். அரித்த இரும்பு மொத்தென்று கேட்கும், பொருக்கும் உதிரும். மேல் துரு தேய்த்துப் பெயிண்ட் அடித்தால் அடங்கும். குறுக்குச் சட்டம் சேரும் இடத்தில் இரும்பு ஏடு ஏடாக உரிந்தால், மேலே வெல்டிங் வைத்து மூடும் வேலையை நான் யாருக்கும் சொல்ல மாட்டேன். அத்தகைய வண்டியைப் பதிவு பெற்ற வாகன உடைப்பு நிலையத்தில் ஒப்படைத்துச் சான்று வாங்கிக்கொள்வதே சரியானது.

வெள்ளத்தில் நின்ற வண்டி என்றால் எல்லா எண்ணெய்களையும் சந்தேகப்படுங்கள். என்ஜின், கியர் பாக்ஸ், பின் அச்சு ஹவுசிங் ஆகியவற்றின் அடி போல்ட்டை ஒவ்வொன்றாக மெல்லத் தளர்த்தி, முதலில் வருவதை ஒரு கண்ணாடி பாட்டிலில் பிடித்து ஒரு மணி நேரம் வைத்துப் பாருங்கள். தண்ணீர் அடியில் தங்கும். எங்கள் ஹவுசிங்கிலிருந்து முதல் அரை லிட்டர் தெளிந்த தண்ணீராகவும், அதன் பின் பால் கலந்த தேநீர் நிறத்தில் கிரவுன் ஆயிலும் வந்தன. அதே எண்ணெயோடு ஓட்டியிருந்தால் பேரிங்குகள் சில நூறு கிலோமீட்டரில் போயிருக்கும். இத்தகைய ஹவுசிங்கில் டீசல் ஊற்றிக் கழுவி, வடித்து, புது கியர் ஆயில் ஊற்ற வேண்டும். பேரிங்கில் கரும்புள்ளிகள் தெரிந்தால் மாற்றிவிட வேண்டும்.

என்ஜினைக் கையால் சுற்றுதல்

செல்ஃப் எனப்படும் ஸ்டார்ட்டர் மோட்டாரைக் கொண்டோ, வேறொரு லாரியில் கயிறு கட்டி இழுத்தோ என்ஜினை முதன்முதலாகச் சுற்ற முயலக் கூடாது. சிலிண்டரின் உட்சுவரான லைனரில் ஒட்டியிருக்கும் பிஸ்டன் ரிங் உடையும். தன் தண்டு ஏறி இறங்கும் கைடில் இறுகிப்போன வால்வைப் பிஸ்டன் இடித்துப் புஷ் ராடு வளையும். கையால் சுற்றும்போது அந்த இறுக்கம் உங்கள் தோளுக்குத் தெரியும், மோட்டாருக்குத் தெரியாது.

டீசலைச் சிலிண்டருக்குள் பீய்ச்சும் நாசில்களை ஒவ்வொன்றாகக் கழற்றி, எந்த சிலிண்டருடையது என்று அடையாளமிட்டு வையுங்கள். அந்தத் துளை வழியாக ஒவ்வொரு சிலிண்டருக்குள்ளும் டீசலும் என்ஜின் ஆயிலும் பாதிப் பாதி கலந்த கலவையைச் சிறிதளவு ஊற்றி, துளையைச் சுத்தமான துணியால் மூடி, மூன்று நாள் விட்டுவிடுங்கள். தினமும் காலையில் இன்னும் கொஞ்சம் ஊற்றலாம். என்ஜினின் மேல் மூடியைக் கழற்றி, வால்வுகளை அழுத்தும் ராக்கர்களின் மீதும் வால்வுத் தண்டுகளின் மீதும் எண்ணெய் விடுங்கள். நான்காம் நாள் கியரை நியூட்ரலில் வைத்து, கிராங்க் புல்லியின் நட்டில் நீண்ட கைப்பிடியுள்ள ஸ்பேனரை மாட்டி, வழக்கமாக ஓடும் திசையில் மெல்ல அழுத்துங்கள். அசையாவிட்டால் எதிர்த் திசையில் சிறிது அழுத்தி, மறுபடி முன்னே வாருங்கள். ஒரு விரற்கடை நகர்ந்தாலே போதும்; அன்றைக்கு அதோடு நிறுத்தி மறுபடி எண்ணெய் விடலாம். ஸ்பேனரில் குழாயைச் செருகி இரண்டு பேர் தொங்கும் அளவுக்கு வந்துவிட்டால், சிலிண்டர்களை மேலே மூடும் ஹெட்டைக் கழற்றிப் பார்க்கும் நேரம் வந்துவிட்டது என்று பொருள்.

எங்கள் என்ஜின் ஸ்பேனர் மாட்டிய இரண்டாம் நாள் மாலையிலேயே நகர்ந்தது. முழுச் சுற்று இரண்டு வரும்போது எல்லா வால்வுகளும் ஏறி இறங்குகின்றனவா என்று ராக்கர் பக்கத்தில் ஒருவர் நின்று கவனிக்க வேண்டும். நான்காம் சிலிண்டரின் ஒரு வால்வு கீழே போய் மேலே வரவில்லை; ராக்கருக்கும் அதற்கும் இடையே ஒரு தீக்குச்சி நுழையும் இடைவெளி தெரிந்தது. அந்த இடத்திலேயே சுற்றுவதை நிறுத்தி, வால்வுத் தண்டில் எண்ணெய் விட்டு, மரச் சுத்தியால் ஸ்பிரிங் தட்டை மெல்லத் தட்ட, அரை மணி நேரத்தில் அது விடுபட்டது. செல்ஃப் அடித்திருந்தால் அன்றைக்கே ஹெட் இறங்கியிருக்கும்.

டீசல் போகும் பாதை

பழைய டீசலைப் புது டீசலோடு கலந்து ஓட்டிவிடலாம் என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள். சென்னையின் ஈரக்காற்றில், பாதி நிரம்பிய டேங்கின் உட்சுவரில் இரவுதோறும் வேர்த்து இறங்கும் தண்ணீர் அடியில் தங்குகிறது. தண்ணீரும் டீசலும் சேரும் எல்லையில் நுண்ணுயிர்கள் வளர்ந்து, கருமையான வழுவழுப்பான பாசிபோல் படர்கின்றன. டேங்கை இறக்கி, காலி செய்து, நன்றாகக் கழுவுங்கள். உட்புறம் துரு உதிர்ந்தால் டேங்கையே மாற்றுவது மலிவு. பழைய வாகன உதிரிகள் விற்கும் புதுப்பேட்டையில் பழைய டேங்க் தேடி எடுப்பவர்கள் உள்ளே கைவிளக்கு அடித்துப் பார்த்துவிட்டே வாங்க வேண்டும். டீசலை எடுத்துச் செல்லும் ரப்பர் ஹோஸ்களையும் ஃபில்டர்களையும் விலை பார்க்காமல் புதிதாகப் போடுங்கள். வெளியே நன்றாகத் தெரியும் பழைய ஹோஸ் உள்ளே தோல் உரிந்து டீசலை அடைக்கும்.

இப்போது இந்த வழிகாட்டியிலேயே மிக அபாயமான இடத்துக்கு வருகிறோம். பழைய லாரிகளில் இருக்கும் வரிசைப் பம்பில், எவ்வளவு டீசல் போக வேண்டும் என்பதை ஒரு ரேக் கம்பி நகர்ந்து தீர்மானிக்கிறது. ஆண்டுக்கணக்கில் நின்ற வண்டியில் அந்த ரேக், முழு டீசல் கொடுக்கும் நிலையிலேயே பிசின் பிடித்து ஒட்டிக்கொண்டிருக்கலாம். அந்த நிலையில் ஸ்டார்ட் ஆனால், சாவியை அணைத்தாலும் ஸ்டாப் கம்பியை இழுத்தாலும் நிற்காமல், என்ஜின் தன் வேகத்தைத் தானே ஏற்றிக்கொண்டே போய்க் கனெக்டிங் ராடு உடைந்து பிளாக்கைப் பிளந்துகொண்டு வெளியே வரும். அருகில் நிற்பவர் உயிருக்கே ஆபத்து. ஆகையால் பம்பின் பக்கவாட்டு மூடியைத் திறந்து, ரேக் விரலால் தள்ளினால் வழுக்கிக்கொண்டு இரு பக்கமும் போகிறதா, ஸ்டாப் கம்பியை இழுத்தால் முழுவதுமாக மூடும் பக்கம் வந்து நிற்கிறதா என்று கண்ணால் பார்க்க வேண்டும். ஒட்டியிருந்தால் சுத்தியலால் தட்டி விடுவிக்க முயலாமல், பம்பை அப்படியே கழற்றி டீசல் பம்ப் கடையில் கொடுத்து, பரிசோதனை மேடையில் ஏற்றி அளவு வைத்து வாங்குங்கள். நாசில்களையும் அதே கடையில் சோதித்துக்கொள்ளலாம். என்னைக் கேட்டால், ரேக் நன்றாக நகர்ந்தாலும் ஐந்து ஆண்டுக்கு மேல் நின்ற வண்டியின் பம்பைக் கடைக்கு அனுப்பிவிட வேண்டும் என்றே சொல்வேன்.

எல்லாவற்றையும் பூட்டியபின், கை பம்பை அடித்துக்கொண்டே முதலில் ஃபில்டரின் காற்றுத் திருகையும், பிறகு பம்பின் திருகையும் தளர்த்தி, நுரை நின்று தெளிந்த டீசல் வரும் வரை ஏர் எடுங்கள். நாசிலுக்குப் போகும் குழாய்களின் நட்டை அரைச் சுற்று மட்டும் தளர்த்தி வையுங்கள்; செல்ஃப் அடிக்கும்போது அங்கே டீசல் எட்டிப் பார்த்தவுடன் இறுக்கிவிடலாம். அந்த இடத்தில் டீசல் பீய்ச்சும் அழுத்தம் தோலைத் துளைத்து உள்ளே புகும். ஆகவே விரலை வைத்துப் பார்க்கக் கூடாது. துளைத்துவிட்டால், காயம் ஊசி குத்திய அளவே தெரிந்தாலும் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

முதல் ஸ்டார்ட்

புது என்ஜின் ஆயில், புது ஆயில் ஃபில்டர், கழுவிய ரேடியேட்டர், புது ஹோஸ்கள், புது ஃபேன் பெல்ட் ஆகியவற்றைப் போட்டுத் தண்ணீர் நிரப்பி ஓர் இரவு விட்டுப் பாருங்கள். தண்ணீர்ப் பம்பின் சீல் காய்ந்திருந்தால் காலையில் தரையில் ஈரம் தெரிந்துவிடும். பெரிய லாரிகளில் 12 வோல்ட் பேட்டரிகள் இரண்டைத் தொடராக இணைத்து 24 வோல்ட் எடுப்பார்கள். இரண்டும் ஒரே வயதும் ஒரே திறனும் உடையனவாக இருக்க வேண்டும். ஒன்று புதிது, ஒன்று பழையது என்று போட்டால் புதியதும் சீக்கிரம் கெடும். எர்த் வயர் சேஸில் சேரும் இடத்தைப் பளபளக்கத் தேய்த்துவிடுங்கள். டாட்டா 407 போன்ற சிறிய வண்டிகளில் 12 வோல்ட்தான் என்பதால், பெரிய லாரியிலிருந்து அதற்குக் கேபிள் கொடுத்து ஸ்டார்ட் செய்யக் கூடாது.

முதலில் ஸ்டாப் கம்பியை இழுத்துப் பிடித்தபடி பத்து வினாடி செல்ஃப் அடித்து, ஒரு நிமிடம் ஆறவிட்டு, மறுபடி அடியுங்கள். ஆயில் மீட்டர் முள் எழும் வரை இதையே செய்ய வேண்டும். பேரிங்குகளுக்கு எண்ணெய் எட்டிய பிறகே டீசல் கொடுக்க வேண்டும். ஸ்டார்ட் செய்யும் நேரத்தில் ஏர் ஃபில்டர் குழாயைக் கழற்றி, காற்று உறிஞ்சும் வாயை முழுவதும் மூடும் அளவுள்ள தடித்த பிளைவுட் பலகை ஒன்றோடு ஒருவர் அருகில் தயாராக நிற்கட்டும். வேகம் கட்டுக்கு மீறினால் அந்தப் பலகையால் வாயை அடைத்தவுடன் காற்றில்லாமல் என்ஜின் நின்றுவிடும். துணியாலோ கையாலோ மூடக் கூடாது. அந்த உறிஞ்சல் துணியை உள்ளே இழுத்துக்கொள்ளும், கையைக் கிழித்துவிடும். எங்களுக்கு அன்று பலகை தேவைப்படவில்லை. ஆனாலும் ஆறு ஆண்டுகளுக்குப் பின் முதல் சிலிண்டர் வெடித்த அந்த நொடியில், என் தம்பி பலகையை மார்போடு அணைத்துக்கொண்டு நின்ற நிலை இன்னும் கண்ணில் இருக்கிறது.

முதல் சில நிமிடங்கள் வெண்புகை வருவது இயல்பு. சூடேறிய பின்னும் வெண்புகை நீடித்தால் நாசிலையோ ஹெட் கேஸ்கெட்டையோ பார்க்க வேண்டும். நீலப்புகை ஆயில் எரிவதைக் காட்டும்; ஒட்டியிருந்த ரிங்குகள் சில நாள் ஓட்டத்தில் விடுபட்டு அது குறையவும் கூடும் என்பதால், உடனே சிலிண்டரைக் கடையும் போர் வேலைக்கு அவசரப்பட வேண்டாம். ஆனால் ஆயில் அழுத்தம் ஏறாவிட்டால் ஒரு நிமிடம்கூட ஓடவிடாதீர்கள்.

கிளட்ச் தட்டு ஃப்ளைவீலில் துருவேறி ஒட்டியிருந்தால், பெடலை மிதித்தாலும் கியர் விழாது. ஒரு மரக்கட்டையை இருக்கைக்கும் பெடலுக்கும் இடையே கொடுத்துப் பெடலை மிதித்த நிலையிலேயே இரண்டு மூன்று நாள் வைத்துப் பாருங்கள். பல வேளைகளில் தானே விடும். விடாவிட்டால் கியர் பாக்ஸை இறக்குவதுதான் வழி. கியரில் போட்டு வண்டியைச் சுவரில் முட்டவைத்து விடுவிக்கும் பழக்கம் சில பட்டறைகளில் உண்டு. பிரேக் இன்னும் பார்க்கப்படாத வண்டியில் அதைச் செய்யவே கூடாது.

பிரேக்

என்ஜின் ஓடிவிட்டது என்றதும் வண்டியைத் தெரு முனை வரையாவது ஓட்டிப் பார்க்கத் தோன்றும். தயவு செய்து அதைச் செய்யாதீர்கள். காலியாகவே ஐந்து ஆறு டன் எடையுள்ள பொருள் அது.

நெடுநாள் நின்ற வண்டியில் பிரேக் லைனர் டிரம்மோடு துருவில் ஒட்டிக்கொண்டிருக்கும். வேறு வண்டி கட்டி இழுத்தால் லைனர் ஷூவிலிருந்து பிய்ந்து டிரம்முக்குள் சிக்கும். ஒரு சக்கரத்தை மட்டும் ஜாக்கியால் தூக்கி, அச்சுக்கு அடியில் உறுதியான மரக்கட்டைகளையோ ஸ்டாண்டையோ கொடுத்து, மற்றச் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை வைத்துவிட்டு, லைனருக்கும் டிரம்முக்கும் உள்ள இடைவெளியைச் சரிசெய்யும் ஸ்லாக் அட்ஜஸ்டரைத் தளர்த்தி, டிரம்மைச் சுற்றிலும் மரச் சுத்தியால் தட்டிக்கொண்டே வர வேண்டும். எங்கள் பின் இடது டிரம்முக்கு ஒரு முழு மதியம் ஆனது. வெளியே வந்தபோது லைனரின் ஒரு பாதி, டிரம்மின் உட்புறத்தில் தேன்கூடு போன்ற துருப்படிவமாக ஒட்டியிருந்தது. டிரம்மை லேத்தில் கொடுத்துச் சுரண்டலாம். ஆனால் அந்த மாடலுக்கு உரிய எல்லைக்கு மேல் குழி விழுந்தால் மாற்றியே ஆக வேண்டும். ஹப் சீலில் கசிந்த கிரீஸ் ஊறிய லைனரைப் பெட்ரோலில் கழுவிப் போடக் கூடாது. சூடேறினால் உள்ளே ஊறியது மறுபடி மேலே வரும். லைனரை அச்சின் இரு பக்கமும் சேர்த்தே மாற்றுங்கள். ஒரு பக்கம் மட்டும் மாற்றினால் பிரேக் பிடிக்கையில் வண்டி ஒரு பக்கம் இழுக்கும்.

காற்று பிரேக் உள்ள வண்டியில் ரப்பர் என்ற பொருள் எங்கெல்லாம் இருக்கிறதோ அங்கெல்லாம் புதிதாகப் போடுங்கள்: காற்றழுத்தத்தால் பிரேக்கை இயக்கும் சேம்பர்களின் டயாஃப்ரம்கள், ஹோஸ்கள், மிதி வால்வின் கிட், மற்ற வால்வுகளின் கிட்கள். ஜி.பி. ரோட்டுக் கடைகளில் புது உதிரிகளுக்குக் குறைவில்லை. பிரேக் உதிரியை மட்டும் புதுப்பேட்டையில் பழையதாக வாங்காதீர்கள். பாடிச் சாமான், கண்ணாடி, கதவு, பம்பர் என்று எதையும் அங்கே தேடலாம். ஆனால் டயாஃப்ரமின் வயதைக் கண்ணால் சொல்ல யாராலும் முடியாது. காற்று டேங்குகளின் அடித் திருகைத் திறந்து வடிக்கும்போது எங்களுக்குச் செங்கல் நிறத்தில் தண்ணீர் வந்தது. டேங்கின் உட்புறம் மோசமாக அரித்திருந்தால் அதையும் மாற்ற வேண்டும்.

பார்க்கிங் பிரேக்குக்கு ஸ்பிரிங் சேம்பர் வைத்த வண்டிகளில் ஓர் எச்சரிக்கை உண்டு. அந்தச் சேம்பருக்குள் ஒரு பெரிய ஸ்பிரிங் முழு அழுத்தத்தில் சுருண்டு கிடக்கிறது. அதன் பட்டையைக் கழற்றித் திறக்க முயன்றவர்கள் உயிரிழந்திருக்கிறார்கள். பின்புறத் திருகைப் பூட்டி ஸ்பிரிங்கை அடக்கிய பிறகே சேம்பரை வண்டியிலிருந்து இறக்க வேண்டும். பழுதான ஸ்பிரிங் பகுதியைத் திறந்து பழுது பார்க்காமல் முழுதாக மாற்றிவிட வேண்டும்.

எல்லாம் பூட்டியபின் காற்றை முழுவதும் ஏற்றி, என்ஜினை அணைத்துவிட்டு, முள் இறங்குகிறதா என்று பத்து நிமிடம் மீட்டரைப் பாருங்கள். பிறகு ஒருவர் மிதியை அழுத்திப் பிடித்திருக்க, இன்னொருவர் சோப்பு நீரும் பிரஷ்ஷுமாக ஒவ்வோர் இணைப்பையும் நனைத்துக்கொண்டே போனால், குமிழி வரும் இடத்தில் கசிவு இருக்கிறது. ஒவ்வொரு சக்கரத்திலும் மிதியை அழுத்தும்போது சேம்பர் கம்பி வெளியே வரும் தூரம் ஏறத்தாழ சமமாக இருக்க வேண்டும். எண்ணெய் பிரேக் உள்ள சிறிய வண்டி என்றால் மாஸ்டர் சிலிண்டர், வீல் சிலிண்டர்களின் ரப்பர், பிரேக் ஆயில் முழுவதையும் மாற்றுங்கள். அந்த ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் தன்மையுடையது.

இவ்வளவுக்கும் பிறகே மனைக்குள், நடக்கும் வேகத்தில், முதல் கியரில் பத்தடி போய் நிறுத்திப் பார்க்கலாம்.

சக்கரமும் மற்றவையும்

டயரில் தரையைத் தொடும் வரிப்பகுதியான பட்டன் நன்றாக இருப்பதைப் பார்த்து ஏமாற வேண்டாம். பக்கச் சுவரில் நான்கு இலக்க எண் ஒன்று இருக்கும். 2317 என்றால் 2017ஆம் ஆண்டின் 23ஆம் வாரத்தில் செய்தது. ஒரே இடத்தில் நின்று, வெயிலில் காய்ந்து, பக்கச் சுவரில் மயிரிழை வெடிப்பு விழுந்த டயரை மனையிலிருந்து பட்டறைக்கு உருட்டிக்கொண்டு போகப் பயன்படுத்தலாம், லோடுக்குப் பயன்படுத்தக் கூடாது. முன் அச்சுக்குப் புது டயரே போடுங்கள். பட்டன் புதிதாக ஒட்டிய ரீட்ரெட் டயர் பின்னுக்கு இருக்கட்டும். ரிங் வைத்த பழைய வீலில் காற்று முழுதும் இறங்கியிருந்தால் அப்படியே காற்றடிக்கக் கூடாது. ரிங் துருவேறிச் சரியாக உட்காராமல் காற்றடிக்கையில் தெறித்து ஆளைக் கொன்ற சம்பவங்கள் உண்டு. கழற்றி, துருவைச் சுத்தம் செய்து, இரும்புக் கூண்டுக்குள் வைத்துக் காற்றடிக்கும் பஞ்சர் கடைக்கே கொண்டுபோங்கள்.

கிங்பின், டை ராடு முனைகள், ஜாயிண்ட் கிராஸ், ஸ்பிரிங் பின்கள் ஆகியவற்றுக்குப் பழைய கிரீஸ் வெளியே தள்ளி வரும் வரை கிரீஸ் அடியுங்கள். நிப்பிளில் கிரீஸ் ஏறாவிட்டால் நிப்பிளை மாற்றுங்கள். ஸ்பிரிங் பட்டைகளில் வெடிப்பு இருக்கிறதா, சென்டர் போல்ட் உடைந்திருக்கிறதா, யூ போல்ட்டுகள் இறுக்கமாக இருக்கின்றனவா என்று பார்த்தால் இந்தப் பகுதி முடிந்தது.

எஃப்.சி.க்குப் போகும் முன்

எஃப்.சி. இல்லாத சரக்கு வாகனம், 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 56ஆம் பிரிவின்படி, செல்லத்தக்க பதிவு உள்ள வண்டியாகவே கருதப்படாது. மூன்றாம் தரப்புக் காப்பீடு இல்லாமல் சாலையில் ஏற்றுவதை 146ஆம் பிரிவு தடுக்கிறது. ஆகவே முதலில் காப்பீட்டை எடுங்கள். பட்டறைக்கும் சோதனை இடத்துக்கும் வண்டியை ரெக்கவரி வண்டியில் கட்டி எடுத்துச் செல்வதே பாதுகாப்பு. மனையிலிருந்து இரண்டு கிலோமீட்டர்தானே என்று ஓட்டிக்கொண்டு போகும் வழியில் விபத்து நேர்ந்தால் அதன் பொறுப்பு முழுவதும் உங்கள் தலையில் விழும்.

பிரேக் இன்ஸ்பெக்டர் என்று எல்லோரும் அழைக்கும் மோட்டார் வாகன ஆய்வாளர் முதலில் பார்ப்பவை விளக்குகளும் ஒளிரும் பட்டைகளும்தான். முன்புறம் வெள்ளை, பின்புறம் சிவப்பு, பக்கங்களில் மஞ்சள் என்று பட்டை ஒட்டியிருக்க வேண்டும். வேகக் கட்டுப்பாட்டுக் கருவி, ஹாரன், வைப்பர், கண்ணாடிகள், பின்னாலும் பக்கங்களிலும் உள்ள அடித்தடுப்புச் சட்டங்கள், முதலுதவிப் பெட்டி, 1.6 மில்லிமீட்டருக்குக் குறையாத டயர் பட்டன் ஆகியவற்றை முன்கூட்டியே ஒருமுறை பார்த்துவிடுங்கள். பாடியின் நீளமும் உயரமும் ஆர்.சி.யில் உள்ளபடியே இருக்க வேண்டும். மேலே பலகை கட்டி உயர்த்தியிருந்தால் கழற்றிவிடுங்கள். புகைச் சோதனைக்குப் போகும் முன், என்ஜினை நன்றாகச் சூடேற்றி, இருபது நிமிடமாவது ஓடவிடுங்கள். குளிர்ந்த என்ஜினோடு போய்த் தோற்று, பம்பில் குறை என்று பழி சொல்பவர்கள் பலர். எங்கள் வண்டி முதல் முறை தேறவில்லை. பின் வலது இண்டிகேட்டர் வயரில் ஒரு எர்த் கோளாறு. ஒரு வாரம் கழித்துத் திரும்பவும் கொண்டுபோனோம். எட்டு ஆண்டைக் கடந்த வண்டி என்பதால் சான்று ஓராண்டுக்கே கிடைக்கும்.

சான்று கையில் வந்த அன்றே முழு லோடு ஏற்றாதீர்கள். முதல் ஐம்பது கிலோமீட்டருக்குப் பின் எல்லா வீல் நட்டுகளையும் மறுபடி இறுக்கி, ஒவ்வொரு ஹப்பையும் புறங்கையால் தொட்டுச் சூடு பாருங்கள். ஒன்று மட்டும் மற்றவற்றைவிடக் கொதித்தால் அங்கே பேரிங் இறுக்கம், அல்லது லைனர் உரசுகிறது. ஐந்நூறு கிலோமீட்டரில் என்ஜின் ஆயிலையும் டீசல் ஃபில்டரையும் திரும்ப மாற்றி, ராக்கருக்கும் வால்வுக்கும் இடையிலான டாப்பெட் இடைவெளியைச் சரியாக வைத்து, பிரேக்கை மறுபடி சரி செய்யுங்கள். டீசல் ஃபில்டரை வெட்டித் திறந்து பார்த்து, உள்ளே இன்னும் கரும்பாசி படிந்திருந்தால், டேங்கை ஒருமுறை கூடக் கழுவ வேண்டும். எங்கள் வண்டியில் மூன்றாவது ஃபில்டர்தான் சுத்தமாக வெளியே வந்தது.